கண்ணும் சான்றும்

நம் தாய்மார் குழந்தையைக் கொஞ்சும்போது "என் கண்ணே" என்பார்கள். "என் காதே" என்றோ "என் மூக்கே" என்றோ எவரும் கொஞ்சியதாகக் கேள்விப்பட்டதில்லை. ஒன்றைக் கவனமாகப் பேணினால் கண்ணுங் கருத்துமாகப் பேணினான் என்கிறோம். பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சல் கண்டால் ஊரார் கண் பட்டுவிட்டது என்கிறோம். காளத்தி வேடர் திண்ணனார் கண்ணப்பர் ஆனதும் கண்ணைக் கொடுத்துத்தான். ஐம்பொறிகளுள் கண்ணுக்கு நாம் தந்திருக்கும் அரியணை அத்தகையது. அதனாலேதான் போலும், ஒருவர் கண்ணில் கத்தி பட்டுவிட்டது என்றால், அது குணமாகி எவ்வளவு தெளிவாகப் பார்த்தாலும், "ஒப்பரேஷன் செய்த கண்தானே!" என்று ஒரு படி இறக்கியே பேசுகிறோம்.

அந்தப் பேச்சு நியாயமானதுதானா என்று ஆராய்ந்து பார்க்கும் அவசியம் சென்ற ஆண்டு நமக்கு நேர்ந்தது. நம் தமக்கையின் மகன் விமானி ஆக விரும்பினான். அவன் கண்ணிலோ ஏற்கெனவே சத்திரசிகிச்சை நடந்திருந்தது.

பையன் கண்டியிலே பிறந்து வளர்ந்தவன். கண்டி நகருக்கு விமான ஓடுபாதை கிடையாது. மலைகள் சூழ்ந்த ஊரில் அதற்கு இடமும் இல்லை. மகாவலியின் பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் மிதவை விமானங்கள் வந்திறங்கிய காலம் உண்டு. சிறுவனாக இருந்தபோது அவற்றில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவன்தான். அன்று இரவு சோறும் இறங்கவில்லை, உறக்கமும் வரவில்லை. அன்று தொடங்கிய ஆசை, வயதோடு கூட வளர்ந்ததேயன்றித் தேயவில்லை. தந்தை இல்லாத பிள்ளை. தாய் ஒருத்தியின் சம்பளத்தில் வளர்ந்தவன். ஆயினும் ஆசைக்கு வரவு செலவுக் கணக்குத் தெரியுமா?

பதின்மூன்றாம் வயதில் அவனுக்குக் கிட்டப்பார்வை வந்தது. வகுப்பறையில் பின்வாங்கிலிருந்து கரும்பலகை தெரியாமல், பக்கத்துப் பையனின் கொப்பியைப் பார்த்து எழுதும் மாணவர்களை ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவனும் அப்படித்தான் அகப்பட்டான். கண்ணாடியின் எண் ஏறி ஏறி, இருபதாம் வயதில் மைனஸ் மூன்றரையில் வந்து நின்றது. "கண்ணாடி போட்டவனுக்கு விமானம் தரமாட்டார்கள்" என்று உறவினர் எல்லாரும் ஒரு வாயாகச் சொன்னார்கள். பையனும் அதை வேதவாக்காக நம்பினான். கொழும்பில் வேலைக்குப் போய்ச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, யாரையும் கேளாமல், லேசர் சத்திரசிகிச்சை செய்துகொண்டு கண்ணாடி இல்லாத முகத்தோடு ஒருநாள் வீட்டுக்கு வந்து நின்றான்.

இங்கே வாசகர்கள் ஓர் உண்மையை அறிந்துகொள்ள வேண்டும். கண்ணாடி அணிந்தவர் விமானி ஆக முடியாது என்பது, பயணிகள் விமானத்தைப் பொறுத்தவரை, வெறும் கட்டுக்கதை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்திருக்கும் விதிகளைத் தழுவியே உலக நாடுகள் விமானிகளுக்கு வைத்தியச் சான்றிதழ் வழங்குகின்றன. தொழில்முறை விமானிக்கு வேண்டியது முதலாம் வகுப்புச் சான்றிதழ். அதற்கு ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே 6/9 அளவுக்கும், இரு கண்களும் சேர்ந்து 6/6 அளவுக்கும் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்ப்பது கண்ணாடியோடா, கண்ணாடி இல்லாமலா என்பது பற்றி விதிக்குக் கவலையில்லை. கண்ணாடியோடு பார்ப்பவர் பறக்கும்போது அதை அணிந்திருக்க வேண்டும். இன்னொரு சோடியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கவும் வேண்டும். அவ்வளவுதான்.

6/6 என்றால் என்ன என்று மாணவர் சிலர் கேட்கலாம். 1862ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டுக் கண் வைத்தியர் ஸ்நெல்லன் என்பவர், மேலே பெரிதாகவும் கீழே வரவரச் சிறிதாகவும் எழுத்துக்களை அடுக்கி ஓர் அட்டை செய்தார். இன்றும் கண் வைத்தியர் அறைகளில் தொங்குவது அதன் வழிவந்த அட்டைதான். நல்ல கண் 6 மீற்றர் தூரத்திலிருந்து வாசிக்கும் வரியை நீங்களும் 6 மீற்றரிலிருந்து வாசித்தால் உங்கள் பார்வை 6/6. நல்ல கண் 9 மீற்றரிலிருந்தே வாசிக்கும் வரியை நீங்கள் 6 மீற்றருக்கு வந்துதான் வாசிக்க முடிகிறதென்றால் அது 6/9.

ஆகவே நம் பையனுக்குச் சத்திரசிகிச்சை இன்றியமையாததாக இருக்கவில்லை. ஆனால் செய்தது செய்தாயிற்று. இனி அந்தக் கண்ணுக்குச் சான்றிதழ் கிடைக்குமா என்பதே கேள்வி.

அந்தச் சிகிச்சை எத்தகையது என்று சொன்னால்தான் விமான வைத்தியர்களின் ஐயம் புரியும். கண்ணின் முன்புறத்தில், மணிக்கூட்டின் முகப்புக் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. அதன் நடுப்பகுதி அரை மில்லிமீற்றர் தடிப்பே உடையது. நம் நாட்டில் 1961இல் ஹட்சன் சில்வா அவர்கள் நிறுவிய கண்தான சங்கம், இறந்தவர்களிடமிருந்து பெற்றுப் பிற நாட்டுக் குருடருக்கெல்லாம் அனுப்பிவைப்பது இந்தப் படலத்தைத்தான். ஒளியை வளைத்து உள்ளே அனுப்பும் வேலையில் பெரும்பங்கு இதற்கு உரியது. கண்ணின் நீளத்துக்கு ஏற்காதபடி இது ஒளியை அதிகமாக வளைத்தால் தூரத்துப் பொருள் மங்கும். லேசர் முறையில், இப்படலத்தின் மேற்பாகத்தைப் புத்தகத்தின் தாளைப் புரட்டுவது போல மெல்லப் புரட்டி, அடியில் உள்ளதை ஏறக்குறைய ஒரு தலைமயிரின் தடிப்பளவு செதுக்கி, புரட்டியதை மறுபடியும் மூடிவிடுகிறார்கள். தையலும் இல்லை, கட்டும் இல்லை.

இதற்குப் பயன்படும் கதிரின் குணத்தைக் கண்டறிந்தவர்களுள் முதன்மையானவர் ஒரு தமிழ்நாட்டுக்காரர் என்பதை நம் மாணவர் பலர் அறியார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா சென்ற ரங்கசாமி சீனிவாசன், நியூயோர்க் மாநிலத்தில் ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றினார். 1981 நவம்பரில், நன்றி நவிலும் திருநாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கூடத்துக்குக் கொண்டுபோய், எக்சைமர் லேசர் என்னும் புற ஊதாக் கதிரை அதன் மீது பாய்ச்சினார். கருகலும் பொசுங்கலும் இல்லாமல் கதிர் பட்ட இடம் மட்டும் துல்லியமாகச் செதுக்கப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் கண் வைத்தியர் ட்ரொக்கல் என்பவரோடு சேர்ந்து, கண்ணின் படலத்தையும் இவ்வாறு செதுக்கலாம் என்று எழுதினார். இந்தக் கண்டுபிடிப்புக்காக அவருக்கும், உடன் உழைத்த இருவருக்கும் 2013இல் அமெரிக்க அதிபர் ஒபாமா தேசியப் பதக்கம் சூட்டினார். விருந்தில் மிஞ்சியதைக் குப்பையில் போடாதவர் உலகத்துக்கு ஒளி கொடுத்தார்!

சிகிச்சை இவ்வளவு நுட்பமானதாயின் விமான வைத்தியர் ஏன் தயங்க வேண்டும்? தரையில் வாழும் கண்ணுக்கும் வானில் வேலை செய்யும் கண்ணுக்கும் வேறுபாடு உண்டு. அதற்கு ஒரு பழைய அனுபவம் சான்று. லேசர் வருவதற்கு முன், 1970களில் மாஸ்கோவைச் சேர்ந்த பியோதரொவ் என்பவர், கண்படலத்தில் சூரியக் கதிர்களைப் போலச் சுற்றிலும் கத்தியால் கீறிக் கிட்டப்பார்வையைத் திருத்தும் முறையைப் பரப்பினார். தரையில் அது நன்றாகவே பயன்பட்டது. 1996 மே மாதத்தில், அச்சிகிச்சை செய்துகொண்ட அமெரிக்க வைத்தியர் பெக் வெதர்ஸ் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறினார். உயரத்தில் பிராணவாயு குறையக் குறையக் கீறல் பட்ட படலத்தின் வடிவம் மாறியது. சிகரத்தை நெருங்கும் வேளையில் கண் தெரியாமல் போயிற்று. பிறகு வந்த பனிப்புயலில் அவர் உயிர் தப்பியதே புனர்ஜன்மம்.

பயணிகள் விமானம் எவரெஸ்டை விட உயரத்தில் பறந்தாலும், அதன் உள்ளே காற்றை அடைத்து வைத்திருக்கிறார்கள். ஆயினும் அந்தக் காற்று கொழும்புக் கடற்கரைக் காற்றன்று; ஏறக்குறைய நம் பீதுருதாலகாலை மலையுச்சியின் மெல்லிய காற்றுக்குச் சமமாகும் வரை அது குறையலாம். அதோடு மிக உலர்ந்த காற்று. லேசர் சிகிச்சைக்குப் பின் சிலருக்குக் கண்ணீர் சுரப்புக் குறைந்து கண் வறளும். வேறு சிலருக்கு இரவில் விளக்குகளைச் சுற்றிச் சந்திரனுக்குப் பரிவேடம் கட்டினாற்போல் ஒளிவட்டம் தோன்றும். பெரும்பாலோருக்கு நாளடைவில் இவை தணிந்துவிடும். ஆனால் இரவில் ஓடுபாதை என்பது விளக்குகளின் வரிசையே அல்லவா? ஒவ்வொரு விளக்கும் ஒளிவட்டமாகச் சிதறினால் விமானி எதைக் கண்டு இறங்குவான்?

ஆகவே சர்வதேச விதி, "சத்திரசிகிச்சை செய்த கண்ணுக்கு இடமில்லை" என்று சொல்லவில்லை; பணிக்கு இடையூறு செய்யக்கூடிய பின்விளைவு இருத்தலாகாது என்றுதான் சொல்கிறது. லேசர் முறையை முதலில் ஐயத்தோடு பார்த்த அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவே, 2007இல் அச்சிகிச்சை செய்துகொண்டவர்களையும் விண்வெளி வீரர் தேர்வுக்கு ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. கண்ணைத் தொட்டார்களா என்று அல்ல, தொட்ட பின் அது எப்படிப் பார்க்கிறது, நாளையும் அப்படியே பார்க்குமா என்றுதான் விமான வைத்தியம் கேட்கிறது. இந்தக் கேள்விக்கு விடை வேண்டுமானால் ஒன்று இன்றியமையாதது: சிகிச்சை நடந்தது என்பது வைத்தியருக்குத் தெரிய வேண்டும்.

அங்கேதான் நம் பையன் தடுமாறினான்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் கொழும்பிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவன், வீட்டுக்குப் போகுமுன் நம்மைத் தேடி வந்தான். கையில் வைத்தியச் சான்றிதழுக்கான விண்ணப்பப் படிவம். "கொஞ்சம் நடப்போமா, மாமா?" என்றான். கண்டி வாவியைச் சுற்றிய பாதையில் நடந்தோம். பாதி தூரம் வரை பேசவில்லை. பிறகு ஒரு மரத்தடியில் நின்று படிவத்தை விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தான். கண் நோயோ கண் சத்திரசிகிச்சையோ எப்போதாவது உண்டா என்று கேட்கும் வரி அது.

"இதற்கு 'இல்லை' என்று எழுதினால் என்ன, மாமா?"

"ஏன் அப்படி எழுத வேண்டும்?"

"கூட வேலை செய்யும் நண்பன் சொல்கிறான்: 'மச்சான், நீ கண்ணாடி இல்லாமலே கடைசி வரி வரைக்கும் வாசிக்கிறாய். நீயாகச் சொன்னால் ஒழிய யாருக்குத் தெரியப் போகிறது? உண்மையை எழுதினால் இழுத்தடிப்பார்கள். சில வேளை முடியாது என்றும் சொல்லிவிடுவார்கள்' என்று. அம்மா காப்பையும் சங்கிலியையும் அடகு வைத்துவிட்டார். அடுத்த மாதம் பயிற்சி வகுப்புத் தொடங்குகிறது. இதைத் தவறவிட்டால் அடுத்ததற்கு எத்தனை மாதமோ?"

அவன் குரலில் கள்ளம் இல்லை, பயந்தான் இருந்தது. அதை நாம் உணராமல் இல்லை. நகையின் வட்டி நாள் பார்த்து ஏறிக்கொண்டே போகும். படிவத்தின் ஒரு சிறு கட்டத்துக்குள் இடும் அடையாளத்தில் தாயின் காப்பும் தன் கனவும் அடங்கிக் கிடக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் நின்று தர்மோபதேசம் செய்வது எளிது, கேட்பவனுக்குத்தான் கடினம்.

"தெரியாது என்று உன் நண்பன் நினைக்கிறான்" என்றோம். "கண் வைத்தியர் நுண்காட்டி விளக்கை வைத்துப் பார்த்தால், படலத்தைப் புரட்டி மூடிய விளிம்பு மெல்லிய பிறை போலத் தெரியக்கூடும். படலத்தின் வடிவத்தைப் படம் எடுத்தால் நடுவில் செதுக்கியது வெளிப்படும். ஆனால் அது இருக்கட்டும். எவருக்குமே தெரியாது என்று வைத்துக்கொள். பிறகு ஒருநாள் இரவு மழையில் விமானத்தை இறக்கும்போது விளக்குகள் சிதறித் தெரிந்தால், அதை யாரிடம் போய்ச் சொல்வாய்? சொன்னால் பழைய பொய் வெளியாகும். சொல்லாவிட்டால் அடுத்த இரவும் அப்படியே இறக்க வேண்டும். உனக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர்களுக்கு உன் முகங்கூடத் தெரியாது. உன் கண்ணைத் தங்கள் கண்ணாக நம்பித்தான் அவர்கள் உறங்குகிறார்கள்."

பின்னர் அவனுக்கு ஓர் உண்மைச் சம்பவத்தையும் சொன்னோம். 1996 ஒக்டோபர் 19ஆம் திகதி, டெல்டா கம்பெனியின் 554ஆம் இலக்க விமானம் நியூயோர்க்கின் லாகார்டியா நிலையத்தில் இறங்க வந்தது. மழையும் மூட்டமும்; கீழே நீர்ப்பரப்பு. தலைமை விமானி கண்ணுக்குள் அணியும் வில்லைகளை அணிந்திருந்தார். அவற்றுள் ஒன்று தூரப்பார்வைக்கு, மற்றது கிட்டப் பார்ப்பதற்கு. வாசிக்கவும் வண்டி ஓட்டவும் கண்ணாடி தேடாமல் இருக்க வசதியான ஏற்பாடு. ஆனால் இரு கண்களும் ஒன்றாகச் சேர்ந்து பார்த்தால்தான் தூரமும் ஆழமும் சரியாக மதிப்பிட முடியும். பறக்கும்போது அவ்வகை வில்லைகள் அணியத்தக்கவை அல்ல என்பதை அந்த விமானி அறிந்திருக்கவில்லை. தாம் தாழ்ந்து வருவதை அவர் கண் உரிய நேரத்தில் உணர்த்தவில்லை. ஓடுபாதைக்கு முன்னால் இருந்த விளக்குத் தாங்கியில் விமானம் மோதிச் சக்கரங்களை இழந்து, ஓடுபாதை மீது சறுக்கிப் போய் நின்றது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. விசாரணை நடத்திய அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, அந்த வில்லைகளையே காரணத்தில் சேர்த்தது. அவரோ ஒளிக்க வேண்டும் என்று எண்ணியவர் அல்லர், அறியாதவர். அறியாமைக்கே இந்த விளைவு என்றால், அறிந்து மறைப்பதற்கு?

பையன் ஒன்றும் சொல்லவில்லை. வாவியின் எதிர்க்கரையில் விளக்குகள் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அவன் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்று, மெதுவாகச் சொன்னான்: "மாமா, அந்த விளக்குகளைச் சுற்றி எனக்கு இப்போதும் சிறிது வட்டம் தெரிகிறது. முன்னைக்குக் குறைவுதான். ஆனால் தெரிகிறது."

இதுவரை தன் தாயிடமும் அவன் சொல்லாத செய்தி அது.

திங்கட்கிழமை அவன் 'ஆம்' என்று எழுதினான். இரவில் தெரியும் வட்டத்தைப் பற்றியும் வைத்தியரிடம் தானே சொன்னான். நண்பன் சொன்னது போலவே காரியம் இழுபட்டது, அதை மறைப்பானேன்? சிகிச்சைக்கு முன் கண்ணாடியின் எண் என்ன, படலத்தின் தடிப்பு என்ன, எந்த முறையில் செதுக்கினார்கள் என்ற விவரமெல்லாம் கேட்டார்கள். கண் வைத்திய நிபுணரின் முழு அறிக்கை வேண்டும் என்றார்கள். மாதங்கள் இடைவிட்டு மீண்டும் அளந்து, எண் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். பயிற்சி வகுப்பு அவன் இல்லாமலே தொடங்கிற்று. அவனோடு விண்ணப்பித்த இளைஞர்கள் சீருடை அணிந்து எடுத்த படங்களை அனுப்பினார்கள். "அக்கா, பிள்ளைக்கு இன்னும் விமானம் கிடைக்கவில்லையா?" என்று விசாரிக்கும் அயலாருக்கு விடை சொல்லித் தமக்கை களைத்துப்போனார். கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு அவர் நேர்ந்துகொண்ட தேங்காய்களின் எண்ணிக்கை, அடகுக் கடை வட்டியைப் போலவே ஏறியது.

"தம்பி, நீ சொல்லித்தானே அவன் எழுதினான்?" என்று ஒருநாள் நம்மைக் கேட்டும்விட்டார். நியாயமான கேள்வி. "ஆம் அக்கா, நாம் சொல்லித்தான்" என்றோம். அவர் அதற்குமேல் பேசவில்லை. சிறிது நேரம் கழித்துத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அதில் சீனி போட மறந்திருந்தார்.

காத்திருந்த மாதங்கள் பையனுக்குப் பாழாகிவிடவில்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டான். இரவில் கைப்பேசியை முகத்தருகே பிடித்துக்கொண்டு விழித்திருக்கும் வழக்கத்தை விட்டான். கண்டிக்கு வரும்போதெல்லாம் மாலை வேளையில் வாவிக் கரைக்குப் போய் விளக்குகளைப் பார்த்து, வட்டம் எவ்வளவு தெரிகிறது என்று ஒரு கொப்பியில் திகதியிட்டுக் குறித்தான். வட்டம் சுருங்கிச் சுருங்கி, ஒருநாள் தேடிப் பார்த்தாலும் அகப்படாமல் போயிற்று.

மறுபடியும் சோதனை நடந்தது. எழுத்து அட்டை, நிறக்குருடு அறியும் இஷிஹாரா புள்ளிப் படங்கள், பக்கப் பார்வை, இரு கண்களின் ஒத்துழைப்பு, கூச்சம் தரும் ஒளியின் எதிரே பார்க்கும் திறன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். சில வாரங்களில் முதலாம் வகுப்புச் சான்றிதழ் கிடைத்தது. கண்ணாடி அணிய வேண்டும் என்ற நிபந்தனைகூட அதில் இல்லை. இப்போது அவன் இரத்மலானையில் பயிற்சி பெற்று வருகிறான். தாயின் காப்பு இன்னும் மீட்கப்படவில்லை. அது விமானம் ஓட்டி மீட்கப்பட வேண்டியது.

தகுதி பெற்றதனால் இந்தக் கதையைச் சொல்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். வட்டம் மறையாமல் இருந்திருந்தால் சான்றிதழ் கிடைக்காமலும் போயிருக்கலாம். அப்போதும் அவன் எழுதிய 'ஆம்' சரியானதாகவே இருந்திருக்கும். இதைச் சொல்வதற்கு நமக்குத் துணை நிற்பது, கண் வைத்தியத்துக்கும் விமானத்துக்கும் இடையே நிகழ்ந்த இன்னொரு வரலாறு.

1940 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வானில் போர் நடந்தபோது, கிளீவர் என்னும் இளம் விமானியின் விமானத்தைக் குண்டு துளைத்தது. அவர் முன்னிருந்த பிளாஸ்டிக் கண்ணாடி சிதறி, துண்டுகள் இரு கண்களிலும் பாய்ந்தன. ஒரு கண் அறவே போயிற்று. மற்றக் கண்ணைப் பல சத்திரசிகிச்சைகளால் காப்பாற்றினார்கள். அவரைப் போன்ற விமானிகளின் கண்களைக் கவனித்த ஹரோல்ட் ரிட்லி என்னும் வைத்தியர் ஒரு விந்தையைக் கண்டார். சாதாரணமாகக் கண்ணுக்குள் புகுந்த வேற்றுப்பொருள் புண்ணாக்கிச் சீழ் பிடிக்கச் செய்யும். இந்தப் பிளாஸ்டிக் துண்டுகளோ ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்தும் ஒரு தீங்கும் செய்யவில்லை. பின்னர் ரிட்லி கண்புரை அகற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், "எடுத்த வில்லைக்குப் பதில் வேறொன்று வைக்க மாட்டீர்களா?" என்று கேட்டாராம். 1949 நவம்பரில் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில், அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த வில்லையை ரிட்லி ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். சக வைத்தியர்கள் பலர் நெடுங்காலம் அவரை எதிர்த்தார்கள். காலம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இன்று நம் பாட்டிமார் புரை நீங்கிப் பேரக்குழந்தையின் முகம் பார்ப்பது அந்த வில்லையினால். முதுமையில் கிளீவருக்கும் புரை கண்டது. 1987இல் அவருடைய எஞ்சிய கண்ணிலும் அத்தகைய வில்லை ஒன்று பொருத்தப்பட்டது. தம் கண் கொடுத்த அறிவினாலேயே அவர் மீண்டும் பார்வை பெற்றார்.

பழுதுபட்ட ஒரு விமானியின் கண்ணை வைத்தியர் மறைக்காமல், மறவாமல், உள்ளபடி குறித்து வைத்ததனால் விளைந்த நன்மை இது. குறையை எழுதி வைத்த இடத்தில்தான் அறிவு பிறக்கிறது. மறைத்த இடத்தில் ஆபத்துத்தான் பிறக்கும்.

விமானத்தில் ஆசை வைத்திருக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் இந்த அனுபவத்திலிருந்து சில சொல்வோம். கண்ணாடி அணிந்திருப்பதற்காகக் கனவைக் கைவிடவும் வேண்டாம், அவசரப்பட்டுக் கண்ணைச் செதுக்கவும் வேண்டாம். விமான வைத்தியரை முதலில் கேளுங்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது பழமொழி. கண்ணைச் செதுக்கிய பிறகு விதி கேட்பதும் அதன் தம்பிதான். சிகிச்சை வேண்டும் என்றே முடிவானால், பதினெட்டு வயது நிறைந்து, கண்ணாடியின் எண் ஓராண்டேனும் அசையாமல் நின்ற பின்பு செய்துகொள்ளுங்கள். நீங்கள் விமானி ஆக விரும்புவதைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் சொல்லுங்கள். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்குமாக அமைக்கும் முறை விமானிக்கு உதவாது.

சிகிச்சைக்கு முந்திய எண் முதல் பிந்திய அளவுகள் வரை எல்லாக் கடதாசிகளையும் பத்திரப்படுத்துங்கள்.  நிறக்குருடு லேசரால் தீர்வதில்லை. ஆகவே அந்தச் சோதனையை முதலிலேயே செய்துகொள்ளுங்கள். சான்றிதழ் கைக்கு வருமுன் பயிற்சிக் கட்டணம் கட்டாதீர்கள். முதலாம் வகுப்புச் சான்றிதழ் பொதுவாகப் பன்னிரண்டு மாதத்துக்குத்தான் செல்லும். ஆண்டுதோறும் அதே கேள்விக்கு அதே கையால் விடை எழுத வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கத்தி பட்டதனால் ஒரு கண் தாழ்ந்ததாகிவிடாது. கத்தி படாததனால் உயர்ந்ததாகியும் விடாது. எழுத்து அட்டையின் கடைசி வரியை வாசிக்கும் கண்கள் உலகில் கோடிக்கணக்கில் உண்டு. தனக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்பதை உள்ளபடி சொல்லும் நாவும் அக்கண்ணோடு சேர்ந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவன் கையில் ஒரு விமானத்தை மட்டுமன்று, ஒரு நாட்டையே நம்பி ஒப்படைக்கலாம்.